வீட்டில் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் இராமநாதபுரம் கடற்கரைப் பெற்றோருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பெற்றோர்களே,

வணக்கம். தொண்டியிலிருந்து வாலிநோக்கம் வரை நீளும் இந்தக் கரையில், பிள்ளைகளுக்கு வீட்டிலேயே கல்வி தருவது என்று துணிந்த குடும்பங்கள் மிகச் சிலவே. அலுவல் நிமித்தம் மண்டபத்துக்கும் உச்சிப்புளிக்கும் மாற்றலாகி வந்தவர்கள், வளைகுடா நாடுகளில் பல்லாண்டு இருந்துவிட்டுக் கீழக்கரைக்கும் பெரியபட்டினத்துக்கும் திரும்பியவர்கள், இந்த மண்ணிலேயே பிறந்து வளர்ந்தவர்கள் என்று பலவகையினராக இருக்கிறோம். கூடும்போதெல்லாம் பிள்ளைகளின் விலங்கியல் நோட்டுகளை ஒருவருக்கொருவர் காட்டி மகிழ்கிறோம். அந்த நோட்டுகளைக் குறித்து நெடுநாளாக என் மனத்தில் இருப்பதை, ஒவ்வொருவரிடமும் தனித்தனியே சொல்வதைவிட எல்லோருக்கும் பொதுவாக எழுதுவதே முறை என்று கருதி இம்மடலை எழுதுகிறேன்.

நோட்டுகள் அழகாக இருக்கின்றன. பிள்ளைகளின் உழைப்பும் உங்கள் அக்கறையும் அவற்றில் தெரிகின்றன. ஒரு விலங்குக்கு ஒரு பக்கம் என்று ஒதுக்கி, மேலே படமும் கீழே வாழிடம், உணவு, ஆயுள், எடை ஆகிய விவரங்களும் நேர்த்தியாக எழுதப்பட்டிருக்கின்றன. ஆனால் பக்கத்தைப் புரட்டினால் வருபவை பென்குயின், பனிக்கரடி, கங்காரு, ஒட்டகச்சிவிங்கி. பெரும்பாலானவை இணையத்திலிருந்து இறக்கி அச்சிட்ட தாள்கள். அவற்றில் பிள்ளை செய்திருப்பது கோட்டுக்குள் வண்ணம் தீட்டியதும், கட்டங்களுக்குள் விவரங்களைப் பார்த்து எழுதியதும்தான். வாசலில் நின்றால் அலைச் சத்தம் கேட்கும் வீட்டுப் பிள்ளையின் நோட்டில் நண்டு இல்லை, ஆலாப் பறவை இல்லை, திருக்கை இல்லை, கணவாய் இல்லை. இது எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தருகிறது. பனிக்கரடியைப் பற்றிப் பிள்ளை தெரிந்துகொள்ளக் கூடாது என்பதல்ல என் எண்ணம். அதைப் படித்துத் தெரிந்துகொள்ளட்டும். நோட்டில் ஏறுவது மட்டும் பிள்ளை தன் கண்ணால் கண்ட உயிராக இருக்கட்டும் என்பதே நான் உங்களிடம் வைக்கும் வேண்டுகோள்.

வீட்டுக்கல்வியில் இயற்கை நோட்டு என்னும் வழக்கத்தைப் பரப்பியவர்களில் முதன்மையானவராகச் சொல்லப்படும் சார்லட் மேசன் (1842–1923) என்னும் ஆங்கிலேயக் கல்வியாளர் கேட்டதும் இதுதான். அவருடைய மாணவர்கள் தாங்கள் நடந்து சென்ற இடத்தில் கண்ட செடியையும் பறவையையும் பூச்சியையும் தூரிகையால் வரைந்து, தங்கள் சொற்களில் குறிப்பு எழுதினார்கள். எழுதப் பழகாத சிறு பிள்ளை சொல்லச் சொல்லத் தாய் எழுதிக்கொள்ளலாம் என்றார் அவர். நம் கைக்கு வந்து சேர்வதற்குள் அந்த வழக்கம் கட்டம் போட்ட தாளாகச் சுருங்கிவிட்டது. கண்ணும் கையும் செய்ய வேண்டிய வேலையை இன்று அச்சுப்பொறி செய்து தருகிறது.

நாம் வாழும் இடத்தின் அருமையை எண்ணிப் பாருங்கள். 1986-இல் கடல்சார் தேசியப் பூங்காவாகவும் 1989-இல் உயிர்க்கோளக் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடாவின் கரை இது. பூங்காவுக்குரிய 21 தீவுகளில் பல நம் மாவட்டத்துக் கரைக்கு எதிரேதான் இருக்கின்றன. பாடநூலில் விலங்குலக வகைப்பாடு என்று வரும் பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். துளையுடலிகள், குழியுடலிகள், கணுக்காலிகள், மெல்லுடலிகள், முட்தோலிகள் என்று வரிசையாக மனப்பாடம் செய்யும் பிள்ளைகள் தமிழ்நாடெங்கும் இருக்கிறார்கள். முட்தோலிகள் கடலில் மட்டுமே வாழ்பவை. ஆற்றிலோ குளத்திலோ ஓர் இனம்கூடக் கிடையாது. ஆகவே மதுரையில் படிக்கும் பிள்ளைக்கு அது வெறும் சொல்; நம் பிள்ளைக்கோ வற்றிய கடலில் கணுக்கால் நீரில் நின்றால் நட்சத்திர மீனாகவும் கடல் அட்டையாகவும் கண்முன் கிடப்பது. முதுகெலும்பற்றவற்றுக்கும் முதுகெலும்புள்ளவற்றுக்கும் இடைப்பட்டதாகப் பாடநூல்கள் குறிப்பிடும் பலனோகிளாசஸ் என்னும் அரைநாணிப் புழுவுக்குப் பேர்போனது பாம்பனை அடுத்த குருசடைத் தீவு. அத்தீவின் கரையோர உயிர்களைச் சென்னை அருங்காட்சியகத்தார் ஆராய்ந்து 1927-இலேயே விரிவாக வெளியிட்டார்கள். நாடெங்குமிருந்து விலங்கியல் மாணவர்கள் தேடி வரும் கரையில் குடியிருந்துகொண்டு, நாம் பென்குயினுக்கு வண்ணம் தீட்டிக்கொண்டிருக்கிறோம்.

சொல்வது விளங்க, எங்கள் வீட்டு நோட்டில் நீலக்கால் நண்டுக்கு உரிய பக்கங்களை இங்கே விவரிக்க விரும்புகிறேன். பாக் விரிகுடாப் பக்கத்தில் நண்டு வலை கரைக்கு வந்ததும் பெண்கள் வட்டமாக அமர்ந்து நண்டுகளைக் கழற்றுவார்கள். அங்கே ஓர் ஓரமாக உட்கார்ந்து என் மகள் வரைந்த முதல் படத்தில் நண்டுக்குக் கால்கள் சரியாக ஒட்டவில்லை. ஓடு வட்டமாக இருந்தது. ஆனால் படத்தின் ஓரத்தில், "கடைசிக் கால் மட்டும் துடுப்பு மாதிரி தட்டையாக இருக்கிறது" என்று எழுதியிருந்தாள். அது அச்சிட்ட எந்தத் தாளிலிருந்தும் வந்ததன்று. அந்தக் கால் ஏன் அப்படி இருக்கிறது என்று அவளே கேட்டாள். மணலில் ஓடும் நண்டின் காலோடு ஒப்பிட்டு, இது நீந்துவதற்கு என்று அவளே விடையும் கண்டாள். அடுத்த முறை நீல நிறத்தில் வெள்ளைப் புள்ளியும் கோடுமாக இருப்பவை ஒரு குவியலிலும், பழுப்பும் பச்சையும் கலந்து மங்கலாக இருப்பவை மற்றொன்றிலும் கிடப்பதைக் கண்டு, இரண்டும் வேறு வேறு நண்டுகள் என்று எழுதினாள். வலையடியில் இருந்த அம்மா ஒருவர் இரண்டையும் மல்லாத்திக் காட்டினார். நீல நண்டின் வயிற்று மடல் ஒடுங்கிக் கூராக இருந்தது. மங்கல் நண்டின் மடல் அகன்று வளைந்திருந்தது. ஒன்று ஆண், மற்றொன்று பெண். அகன்ற மடலுக்கு அடியில் மஞ்சளும் செம்மஞ்சளுமாக முட்டைத் திரள் ஒட்டியிருந்த நண்டையும், அதே திரள் கருஞ்சாம்பலாக மாறியிருந்த நண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கறுத்தது பொரியப் போகிற முட்டை என்று அவர் சொன்னார். முட்டைக்குள் குஞ்சின் கண்கள் உருவாகி நிறமேறுவதும் மஞ்சள் கரு தீர்வதும் அந்த நிறமாற்றத்துக்குக் காரணம் என்பதைப் பிறகு வீட்டில் படித்து அதே பக்கத்தில் சேர்த்தோம். இன்னொரு நாள் வரைந்த நண்டுக்கு ஒரு கொடுக்கு பெரிது, ஒரு கொடுக்கு சிறிது. இழந்த காலை நண்டு மீண்டும் வளர்த்துக்கொள்ளும் என்பதும், ஓட்டை உரிக்கும்போதுதான் அந்தப் புதிய கால் வெளிப்பட்டுப் பெரிதாகும் என்பதும் அந்தப் படத்திலிருந்து எழுந்த பாடங்கள்.

இந்தப் பக்கங்களில் படங்கள் அழகில்லை. முதல் படத்தில் இருந்த பிழை அப்படியே இருக்கிறது. நான் அழிக்கச் சொல்லவில்லை. பின்னர் வரைந்த படத்தில் ஓடு அகன்று, இரு பக்கமும் முள் நீட்டி, கண்கள் காம்பின் மேல் நிற்கின்றன. இரண்டு படங்களையும் அடுத்தடுத்துப் பார்க்கும்போது அவள் பார்வை எவ்வளவு கூர்மை அடைந்திருக்கிறது என்பது தெரிகிறது. பெற்றோர்களே, பிள்ளையின் கையிலிருந்து பென்சிலை வாங்கித் திருத்தி வரைந்து கொடுக்காதீர்கள். அப்படிச் செய்த கணத்தில் அந்தப் பக்கம் உங்களுடையதாகிவிடும். பிள்ளை அதன்பின் நண்டைப் பார்க்காது, உங்கள் முகத்தைப் பார்க்கும். எழுத்துப்பிழையைக்கூட அந்த நோட்டில் சிவப்பு மையால் குறிக்க வேண்டாம். தமிழ்ப் பாட நேரத்தில் அதே சொல்லை எழுதிப் பழக்கினால் போதும்.

நோட்டு எப்படி இருக்க வேண்டும் என்று கேட்பவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். கோடு போடாத, தடித்த அட்டையுள்ள சிறிய நோட்டு போதும். கடற்காற்றின் ஈரத்தில் பேனா மை பரவிவிடும் என்பதால் பென்சிலே நல்லது. ஒவ்வொரு பக்கத்திலும் தேதி, நேரம், ஊர் ஆகியவற்றோடு, பார்த்தது வடகடலிலா (பாக் விரிகுடா) தென்கடலிலா (மன்னார் வளைகுடா) என்பதையும், அப்போது கடல் ஏறிக்கொண்டிருந்ததா வற்றிக்கொண்டிருந்ததா என்பதையும், என்ன காற்று வீசியது என்பதையும் கட்டாயம் எழுதச் சொல்லுங்கள். வாடைக் காலத்தில் வடகடல் கொந்தளித்துத் தென்கடல் அடங்கியிருப்பதும், கச்சான் என்னும் தென்மேற்குக் காற்றுக் காலத்தில் அது தலைகீழாவதும் இங்குள்ள மீனவர் ஒவ்வொருவருக்கும் தெரியும். எந்த உயிர் எப்போது எந்தக் கரையில் கண்ணில் படும் என்பதில் இதற்குப் பெரும் பங்கு உண்டு. தேதியும் காற்றும் இல்லாத பக்கம் வெறும் படமாகவே நின்றுவிடும். பக்கத்தின் கடைசியில் பிள்ளை தனக்குப் புரியாத ஒன்றைக் கேள்வியாக எழுதி வைக்கட்டும். கடல் வற்றிய மணலில் சின்னஞ்சிறு நண்டுகள் வளையைச் சுற்றி மணலுருண்டைகளை வரிசை வரிசையாகப் பரப்பி வைத்திருப்பதைப் பார்த்து, "வீடு தோண்டிய மண்ணை ஏன் இப்படி உருட்டி வைக்கிறது?" என்று என் மகன் எழுதி வைத்த கேள்வி பல வாரங்கள் விடையின்றிக் கிடந்தது. நண்டுக்கு அருகில் அசையாமல் உட்கார்ந்து பார்த்த பிறகுதான், அது மணலை வாயில் இட்டு அதிலுள்ள நுண்ணிய உணவை வடித்துக்கொண்டு, மிஞ்சிய மணலை உருட்டித் தள்ளுகிறது என்று கண்டான். அந்த உருண்டைகள் தோண்டிய மண்ணல்ல, தின்று கழித்த மிச்சம். விடையை நான் முன்னமே சொல்லியிருந்தால் அவ்வளவு நேரம் அவன் அங்கே உட்கார்ந்திருக்க மாட்டான்.

இனி நான் அழுத்திச் சொல்ல வேண்டியது, பொறுக்கி வரும் பழக்கத்தைப் பற்றி. சில வீடுகளில் நோட்டோடு சேர்த்து ஒரு பெட்டியும் இருக்கிறது. அதில் காய்ந்த நட்சத்திர மீன், பவளத் துண்டு, கடல் குதிரை ஆகியவை இருப்பதைக் கண்டிருக்கிறேன். நல்லெண்ணத்தோடுதான் சேர்த்திருப்பீர்கள். ஆயினும் கடல் குதிரையும் கடல் அட்டையும் பாறை கட்டும் பவளங்களும் 2001 முதல் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் காப்பில் உள்ளவை. கடலாமைகளும், நம் மீனவர்கள் ஆவுளியா என்று அழைக்கும் கடல் பசுவும் அதே சட்டத்தின் காப்பில் உள்ளவையே. கரையில் ஒதுங்கிச் செத்துக் கிடந்தாலும் எடுத்து வைத்துக்கொள்ள நமக்கு உரிமையில்லை. காலியாகத் தெரியும் சங்குக்குள்ளும் துறவி நண்டு குடியிருக்கக்கூடும். நாம் எடுத்து வரும் ஒவ்வொரு சங்கும் அதற்கு ஒரு வீடு குறைவு. தீவுகளுக்குள் வனத்துறையின் அனுமதியின்றிக் கால் வைப்பதும் கூடாது. இத்தகைய கரையில் பிள்ளை ஓர் உயிரைத் தன்னுடையதாக்கிக்கொள்ள இருக்கும் நேர்மையான வழி அதை வரைந்து வைப்பதே. செத்து ஒதுங்கிய ஆமையைக் கண்டால் தொடாமல், சற்று விலகி நின்று முதுகோட்டின் வடிவத்தையும் காயம் இருந்தால் அதன் இடத்தையும் வரைந்து, நாளையும் இடத்தையும் குறித்துக்கொண்டு வனத்துறையினருக்குத் தகவல் சொல்லுங்கள். அந்தக் குறிப்பு அவர்களுக்கும் பயன்படும்.

தொடாமல் பார்ப்பது பாதுகாப்புக்கும் நல்லது. சொறி மீனும் (ஜெல்லி மீன்), திருக்கையின் வால் முள்ளும், கெளுத்தியின் முள்ளும் இறந்த பின்னும் தீங்கு செய்யும். கூம்பு வடிவச் சங்குகளில் நஞ்சுள்ளவை உண்டு. பெரியவர் துணையின்றி எந்தப் பிள்ளையும் நீரில் இறங்கக் கூடாது. தனுஷ்கோடியில் ஆண் கடல் என்று சொல்லப்படும் தென்கடல் பக்கத்தில் கரையோரத்திலும் கவனம் வேண்டும்.

தேர்வு என்ன ஆகும் என்ற கேள்வி உங்களில் பலருக்கு எழும் என்பதை அறிவேன். எட்டாம் வகுப்புத் தேர்வைத் தனித்தேர்வராக எழுதப் பன்னிரண்டரை வயது நிறைந்திருக்க வேண்டும். தேசிய திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தில் பத்தாம் வகுப்பு நிலைக்குச் சேரப் பதினான்கு வயது வேண்டும். அதுவரை உள்ள ஆண்டுகள் முழுவதும் நம் கையில் இருக்கின்றன. அந்த ஆண்டுகளில் நண்டையும் இறாலையும் வரைந்து, இரண்டுக்கும் கணுக்கணுவான கால்களும் உரிந்து விழும் ஓடும் உண்டு என்று தானே கண்ட பிள்ளைக்குக் கணுக்காலிகள் என்ற தலைப்பை மனப்பாடம் செய்யும் தேவை இராது. கரையில் ஒதுங்கும் வெண்மையான கணவாய் ஓட்டைப் பக்கவாட்டில் பார்த்து அதன் மெல்லிய அடுக்குகளை வரைந்த பிள்ளை, அது உடலுக்குள் இருந்த ஓடு என்பதையும், அந்த அடுக்குகளில் உள்ள அறைகளில் காற்றும் நீரும் கூடிக் குறைவதால்தான் கணவாய் நீரில் மிதந்து நிற்கிறது என்பதையும் கேட்ட மாத்திரத்தில் புரிந்துகொள்ளும்.

நமக்கு விலங்கியல் தெரியாதே என்று தயங்குவோருக்கு ஒன்று சொல்வேன். இந்தக் கரையில் ஆசிரியர்களுக்குக் குறைவில்லை. மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்டல நிலையத்தில் கடல்வாழ் உயிரினக் காட்சியகம் இருக்கிறது. நோட்டோடு சென்று ஒரே ஒரு தொட்டியின் முன் அரை மணி நேரம் உட்காருங்கள். எல்லாத் தொட்டிகளையும் சுற்றிப் பார்த்துத் திரும்புவதைவிட அது மேல். அதைக் காட்டிலும் பெரிய ஆசிரியர்கள், காலம் முழுதும் கடலில் பாசி எடுத்த பெண்களும், மீன் அறுக்கும் பெண்களும், நாட்டுப் படகில் செல்லும் பெரியவர்களும். சீலா மீனின் வயிற்றைக் கீறும்போது உள்ளே என்ன இருந்தது என்று மீன் அறுக்கும் அக்காவிடம் கேட்டால், எந்த மீன் எதைத் தின்கிறது என்னும் பாடம் அங்கேயே கிடைத்துவிடும். அவர்களிடம் பிள்ளையை அனுப்பும்போது மரியாதையோடு கேட்கப் பழக்குங்கள். அவர்கள் சொன்ன பெயரை அப்படியே எழுதி, சொன்னவர் யார் என்றும் குறிக்கச் சொல்லுங்கள். அறிவியல் பெயரைப் பிறகு தேடிச் சேர்த்துக்கொள்ளலாம். மீன் வாடையைக் கண்டு மூக்கைப் பொத்தும் பழக்கம் நம் வீடுகளில் சில பிள்ளைகளுக்கு வந்திருக்கிறது. அவர்களைக் கையைப் பிடித்து ஏலக்கூடத்துக்கு அழைத்துச் செல்வது கல்வி மட்டுமன்று, நம் கடமையும்கூட என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

கடலிலிருந்து சற்று விலகி வாழும் குடும்பங்கள் மனம் தளர வேண்டாம். தேர்த்தங்கல், சக்கரக்கோட்டை, சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் கண்மாய்கள் பறவைச் சரணாலயங்களாக உங்கள் பக்கத்திலேயே இருக்கின்றன. குளிர்காலத்தில் தனுஷ்கோடிக்கு வரும் பூநாரைகளை எல்லோருமே ஒருமுறை நோட்டோடு சென்று பார்க்க வேண்டும். 2025-இல் அங்கே அவற்றுக்கென்றே சரணாலயம் அறிவிக்கப்பட்டிருக்கிறது. இளஞ்சிவப்பு நிறத்தை மட்டும் தீட்டிவிட்டுத் திரும்பாமல், அலகைத் தலைகீழாகக் கவிழ்த்து நீரை வடித்து உண்பதையும், காலால் சேற்றை மிதித்துக் கிளறுவதையும், கூட்டத்தில் சாம்பல் நிறமாக நிற்பவை இளம் பறவைகள் என்பதையும் பிள்ளைகள் வரையட்டும். பறவை கலையாத தூரத்தில் நிற்பது முக்கியம்.

நிறைவாக, செயலுக்கு உரிய ஒரு யோசனையை உங்கள் முன் வைக்கிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கடலுக்குச் செல்வதில்லை. நாட்டுப் படகுகள் கொண்டுவருபவை மட்டுமே கரைக்கு வரும். அந்த நாட்களில் தொண்டி, தேவிபட்டினம், மண்டபம், பாம்பன், கீழக்கரை, வாலிநோக்கம் என்று அவரவர் ஊர்க் கரையில் வாரம் ஒருமுறை, ஒரே கிழமையில், என்னென்ன உயிர்கள் வந்தன என்று நம் பிள்ளைகள் எழுதியும் வரைந்தும் வைக்கட்டும். தடை நீங்கிய பின் அதே கிழமைகளில் மேலும் சில வாரங்கள் தொடரட்டும். பிறகு எல்லா நோட்டுகளையும் ஓரிடத்தில் விரித்து வைத்து, ஊருக்கு ஊர் என்ன வேறுபாடு, வடகடலுக்கும் தென்கடலுக்கும் என்ன வேறுபாடு, விசைப்படகு இறங்கிய பின் என்ன மாறியது என்று பிள்ளைகளே ஒப்பிட்டுப் பார்க்கலாம். தனியொரு வீட்டால் ஆகாத வேலை இது. இசைவுள்ளவர்கள் தங்கள் ஊரையும் பிள்ளைகளின் வயதையும் எனக்குத் தெரிவித்தால், எந்தக் கரையை யார் பார்ப்பது என்பதையும் எந்தக் கிழமை எல்லோருக்கும் ஏற்றது என்பதையும் பேசி முடிவு செய்துகொள்ளலாம்.

இப்படிக்கு,
மண்டபம் பகுதியில் தன் பிள்ளைகளுக்கு வீட்டில் கற்பிக்கும் ஒரு தாய்